பூட்டிய வீட்டுச் சமையல்

ஜூலை 3, வியாழன், இரவு

இந்த நோட்டு உங்கள் கைக்கு வந்திருந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். மூடி, புளிப் பானைக்குப் பின்னால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது என் அறிவியல் நோட்டு. முன்பக்கம் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம் இருக்கிறது. நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டீஸ்வரி. கமுதிப் பக்கம் ஒரு கிராமம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வருகிற பதின்மூன்றாம் தேதி எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அத்தை மகன், மலேசியாவில் வேலை. கெட்டவர் இல்லை. போன தடவை வந்தபோது எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்தார். அவருடைய லீவு பத்தொன்பதாம் தேதி முடிகிறது. போனால் திரும்பி வர இரண்டு வருஷம். அதனால்தான் இந்த அவசரம். "ஆனி முடியறதுக்குள்ள முடிச்சிரணும்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்ட மாட்டார்கள்.

அம்மா இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி என்னை எழுப்பி, "செருப்பக் கையில எடுத்துக்க. சத்தம் போடாத" என்றாள். அவ்வளவுதான். மதுரை, ஈரோடு, பிறகு இந்தக் குமாரபாளையம்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா இந்தப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். அப்போது ஹாஸ்டலில் கூட இருந்த பரிமளா அத்தைதான் இந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தார். வீடு அத்தையுடையது இல்லை. சுகந்தி என்று ஒருவர் குடியிருந்தாராம். இப்போது இல்லை. எங்கே போனார், ஏன் போனார் என்று கேட்டேன். "அது எதுக்கு உனக்கு? உள்ள சாமான் இருக்குது, ஆக்கித் தின்னுங்க. எலி திங்கறதுக்கு நீங்க தின்னா புண்ணியம்" என்றார் அத்தை.

முன்கதவில் வெளியே பூட்டுத் தொங்குகிறது. நாங்கள் பின்பக்கச் சந்து வழியாக வந்தோம்.

இதை எழுதுவது சாமான் அறையில். ஜன்னல் கிடையாது. ஒரு சின்ன பல்பு. கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சம் வெளியே போகாது.

ஜூலை 4, வெள்ளி

தறி. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. காலையில் ஆரம்பித்து ராத்திரி வரை டடக் டடக் டடக். முதலில் தலைவலி வந்தது. இப்போது பிடிக்கிறது. அந்தச் சத்தம் இருக்கும்வரை நாங்கள் நடக்கலாம், பாத்திரம் கழுவலாம், இருமலாம்.

அம்மா பையில் முதலில் எடுத்து வைத்தது துணி இல்லை. ஒரு உப்புப் பாக்கெட்டும் ஒரு மஞ்சள் கிழங்கும். புது வீட்டுக்குள் அதுதான் முதலில் போக வேண்டுமாம். ஒளிந்துகொள்ளும் வீட்டுக்குக்கூடவா என்று கேட்டேன். "வீடுன்னா வீடுதான்" என்றாள்.

இன்று பகல் முழுவதும் டப்பாக்களைப் பார்த்தேன்.

"அடுத்தவுக டப்பாவ நோண்டாத."

"நோண்டாம எப்படிம்மா ஆக்குறது?"

அம்மா ஒரு டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

சுகந்தி எல்லா டப்பாவிலும் துண்டுத் தாள் ஒட்டி, நீல மையில் எழுதியிருக்கிறார். 'தட்டப்பயிறு', 'கொள்ளு', 'ராகி'. ஒன்றில் 'அஸ்கா' என்று இருந்தது. ஏதோ ஆள் பெயர் என்று நினைத்தேன். திறந்தால் சீனி! கையெழுத்து அழகு. 'று' வுக்கு வால் நீளமாக இழுத்திருக்கிறார். அரிசி டிரம்மில் பாதி இருக்கிறது. கடலை எண்ணெய் அரைப் புட்டி. வெங்காயம் முளைவிட்டுப் பச்சை வால் நீட்டியிருந்தது. அதையே தாளித்து முதல் நாள் சோற்றுக்கு வெஞ்சனம் செய்தாள் அம்மா.

தினசரிக் காலண்டர் மே முப்பதில் நிற்கிறது. அப்படியென்றால் அன்றுதான் போயிருக்கிறார். அரை டிரம் அரிசியை விட்டுவிட்டு ஒருவர் ஏன் போக வேண்டும்?

ஜூலை 5, சனி

பரிமளா அத்தை இருட்டியபின் வந்தார். பாலும் தக்காளியும் கொண்டுவந்தார். உட்காரவில்லை.

"உன்ற ஊட்டுக்காரரு காலைல எங்க ஊட்டுக்கு வந்துட்டாருங்க குருவம்மா. கூட ரெண்டு பேரு. காபி குடிச்சாங்க, கட்டில் அடியெல்லாம் பாத்துட்டுப் போனாங்க. எதுத்த டீக்கடைல ஒருத்தன் உக்காந்துட்டே இருக்கறான். நான் இனி இங்க வர முடியாது."

"போலீசுக்குப் போலாமா பரிமளா?"

"நீதான் ஊர்ல ஒருக்கா போனியே. என்ன பண்ணாங்க?"

அம்மா போனது எனக்குத் தெரியாது. இப்போதுதான் தெரியும். அவர்கள் அப்பாவையே கூப்பிட்டு, அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் அம்மா "கீழ விழுந்துட்டேன்" என்று மூன்று நாள் படுத்திருந்தாள். அந்தத் தேதியும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அதைப் பற்றி நான் யோசிக்கப்போவதில்லை.

"ஆடி ஒண்ணு விடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். பாப்பாவ இங்க பள்ளிக்கூடத்துல சேத்தறதுக்கு ஆள் பாத்து வெச்சிருக்கறேன். அதுவரைக்கும் உள்ள இருக்கறத வெச்சு ஓட்டுங்க. கடைக்குப் போயறாதீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை போனார்.

இன்னும் பதினோரு நாள். அரிசியை டம்ளரால் அளந்தோம். பத்தாது என்று சொல்ல முடியாது, போதும் என்றும் சொல்ல முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதாம். நாள் முழுக்க நாங்கள் நடக்கவே இல்லை.

ஜூலை 7, திங்கள்

கொள்ளு. வாழ்க்கையில் முதல் தடவை சாப்பிட்டேன். ஊரில் அதை மாட்டுக்குத்தான் போடுவார்கள். அம்மா மில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டதாம். வேகவைத்து, கடைந்து, பூண்டு தட்டிப் போட்டாள். "நல்லாருக்குல்ல?" என்று மூன்று தடவை கேட்டாள். நன்றாக இருந்தது. அம்மாவுக்குச் சமையலில் இத்தனை ஆசை உண்டு என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அப்பா தட்டைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மேல் தட்டில் இருக்கிற டப்பாக்கள் கீழ் தட்டில் இருப்பவை மாதிரி இல்லை. கீழே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது. மேலே அப்படி இல்லை. 'வெந்தயம்' டப்பாவில் குழந்தையுடைய ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு சீப்பு, ஒரு சின்ன சோப்பு. 'சோம்பு' டப்பாவில் இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு போன் சார்ஜர். யாராவது வெந்தய டப்பாவில் சாக்ஸ் வைப்பார்களா? அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு மூடியை அழுத்திச் சாத்தி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். பிஸ்கட்டைக்கூட எடுக்க விடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ரவையில் வண்டு. சலித்து, வறுத்து, கண்ணை மூடிக்கொண்டு உப்புமா.

இந்தச் சாமான் அறையைப் பற்றி இன்னொன்று. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. புதுத் தாழ்ப்பாள், திருகாணி பளபளக்கிறது. வெளிப்பக்கம் எதுவும் இல்லை. சாமான் அறையை யாராவது உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுவார்களா? புளி ஓடிவிடுமா?

கீழே, என் முழங்கால் உயரத்தில், சுவரில் பென்சில் படங்கள். ஒரு கோடு, அதன் உச்சியில் ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கிறுக்கல். வரிசையாகப் பதினேழு. பலூனா, குச்சி மிட்டாயா, பூவா? பக்கத்தில் 'மித்து' என்று எழுதியிருக்கிறது. உட்கார்ந்து வரைந்தால்தான் அந்த உயரத்துக்குக் கை எட்டும். நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

மதியம் கரண்ட் போனது. ஒரே நொடியில் தெரு முழுக்க அமைதி. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் போனில் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

"உன்ற மருமகளுக்கு இட்லி மாவு பொங்கலீன்னா அதுக்கு நானா அக்கா பொறுப்பு? எம் மாவு பொங்கிக் கீழ ஊத்துது, வந்து பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன். அம்மாவும் சிரித்தாள். சத்தம் வராமல் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத் தறி ஓட ஆரம்பித்தது.

ஜூலை 10, வியாழன்

இன்று ஒரு தப்புச் செய்தேன், அல்லது செய்யவில்லை. தெரியவில்லை.

ஆணியில் ஒரு துணிப்பை தனியாகத் தொங்குகிறது. முதல் நாளே பார்த்தேன். அம்மா, "தனியாக் கட்டி வச்சிருக்காக. ஏதோ நேத்திக்கடனா இருக்கும். தொடாத" என்றாள். எட்டு நாளாக அதைப் பார்த்துப் பார்த்து என்னால் முடியவில்லை. அம்மா தூங்கும்போது அவிழ்த்தேன். ஐந்து பொட்டலம். அச்சு வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல், பச்சைப் பயறு. பைக்குப் பின்னால், அது மறைத்திருந்த மூலையில் மூன்று நீளக் குச்சிகள். பட்டை உரித்து, மஞ்சள் பூசி, ஒரு முனையைக் கூராகச் சீவியிருக்கிறது. தறிச் சாமானோ என்னவோ.

சாயங்காலம் அம்மாவிடம், "ரெண்டு நாளா ராகிக் களிதான். வெல்லம் இருக்கும்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எள்ளுருண்டை பிடித்தாள். ஆறு நான் தின்றேன், ஒன்று அம்மா.

ஜூலை 11, வெள்ளி

எள்ளுருண்டை மீதி. கேஸ் தீர்ந்துவிட்டது.

ஜூலை 12, சனி

 

பின்கட்டில் வெந்நீர் போடுகிற அடுப்பு இருக்கிறது. அதில்தான் சமைக்க வேண்டும். விடிவதற்கு முன் புகை தெரியாது என்று அம்மா நாலரைக்கே எழுந்தாள். தேங்காய் ஓடு கொஞ்சம் இருந்தது. பற்றவைக்கச் சுள்ளி இல்லை. அந்த மூன்று குச்சிகளை முழங்காலில் வைத்து நான்தான் உடைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது, டப்பென்று பிடித்தது.

"யாருங்க அங்க?"

மதிலுக்கு மேல் ஒரு தலை. கையில் வாசல் தெளிக்கிற வாளி. இட்லி மாவுக்காரக் குரல். அம்மா என்னைப் பின்னால் தள்ளினாள்.

"பரிமளாவுக்குச் சொந்தம். ஒரு வாரம் தங்கிட்டுப் போலாம்னு."

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"அட கருமமே! அழிஞ்சி மரக் குச்சிய யாராச்சும் அடுப்புக்கு வெப்பாங்களா? ஆடி ஒண்ணுக்கு இன்னும் அஞ்சு நாள்தான இருக்குது! நீங்க எந்தூருங்க?"

"இங்கிட்டுதான், பக்கத்துல."

"இங்கிட்டா? இந்தப் பக்கத்துக்காரிக யாரும் இதப் பண்ண மாட்டாங்களே!"

தலை மறைந்துவிட்டது. அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். அரிசி பாதி வெந்திருந்தது. அப்படியே தின்றோம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எனக்குக் கல்யாணம். காலை ஆறிலிருந்து ஏழரை. அந்த நேரத்தில் நான் பச்சைப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்குச் சந்துப் பக்கம் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. மதில் பெண். பெயர் மரகதம். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து தானே சாத்திக்கொண்டார். போனை நீட்டினார். 'காணவில்லை' என்று போட்டு என் ஒன்பதாம் வகுப்புப் போட்டோ. இரட்டைச் சடை. கீழே அப்பாவின் நம்பர்.

"இது நீதான கண்ணு?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

எனக்கு என்ன வந்ததோ, "ஆமாக்கா. இன்னிக்கு எனக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னிக்கா?"

"காலைல ஏழரைக்குள்ள."

"மணி பன்னெண்டாச்சே" என்றார் மரகதக்கா, ஏதோ நான் பஸ்ஸை விட்டுவிட்டதைப் போல. பிறகு உட்கார்ந்துவிட்டார். "எத்தன வயசு?"

"பதினஞ்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். மலேசியா, ஆனி, ஆடி. அம்மா தடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் இனி எல்லாம் அவர் கையில்தான் என்று புரிந்தது. அப்போதுதான் பயம் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. மூன்று நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்தக் குச்சி எதுக்கு?"

"தேங்கா சுடறதுக்கு. உங்கூர்ல கெடையாதா? ஆடி ஒண்ணுக்குத் தேங்காக் கண்ணத் தொறந்து, வெல்லம், எள்ளு, பொட்டுக்கடல எல்லாம் அடைச்சு, குச்சில குத்தித் தீயில காட்டுவோம். தெருவே மணக்கும். மித்துக்குத் தீபாவளியெல்லாம் ரெண்டாம்பட்சம். சித்திரைலயே குச்சி சீவிக் குடுன்னு அவங்கம்மா உசுர வாங்கும்."

பதினேழு கோடு, பதினேழு வட்டம். பலூன் இல்லை. தேங்காய். அதற்காக எடுத்து வைத்த வெல்லத்தில்தான் நான் ஆறு உருண்டை தின்றிருக்கிறேன்.

"சாமான் அறைல உள்தாப்பா எதுக்குக்கா?"

மரகதக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"சுகந்தி ஊட்டுக்காரன் குடிச்சிட்டு வர்ற அன்னைக்கு அவளும் மித்துவும் அதுக்குள்ள போய்ப் படுத்துக்குவாங்க. ஒரு நா விடியக்கால போயிட்டா. அவனும் தேடித் தேடிப் பாத்துட்டு வேற ஊருக்குப் போயிட்டான். எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க, பக்கத்து ஊடு, உனக்கு ஒண்ணுமே கேக்கலியான்னு. தறிச் சத்தத்துல என்ன கேக்கும்னு சொன்னேன்."

போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம தறி ஓடாதில்ல கண்ணு" என்றார்.

இன்றும் ஞாயிறு. மூன்று பேரும் அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தோம். அவர் போனபிறகு அம்மா அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டாள், எடுத்தாள், போட்டாள்.

ஜூலை 14, திங்கள்

மரகதக்கா மதில் வழியாக ஒரு தூக்குவாளியில் குழம்பு நீட்டினார். கூடவே ஒரு செய்தி.

"உங்கிட்ட மறைக்க மாட்டேன் கண்ணு. சனிக்கெழம உன்னைய மதிலு மேல இருந்து பாத்ததும் எங்க மகளிர் குழு குரூப்புல, இந்தப் புள்ளைய எங்க தெருவுல பாத்த மாதிரி இருக்குதுன்னு போட்டுட்டேன். நல்லது பண்றேன்னுதான் நெனச்சேன். நேத்து உங்களப் பாத்துட்டுப் போய் அழிச்சுட்டேன். அதுக்குள்ள யாரு பாத்தாங்களோ."

அம்மா கோபப்படவில்லை. "குழம்புல உப்பு சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் குச்சியை உடைக்காமல் இருந்திருந்தால் அவர் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். பையை அவிழ்க்காமல் இருந்திருந்தால் குச்சி என் கண்ணில் பட்டிருக்காது.

ஜூலை 15, செவ்வாய்

அரிசி இன்றோடு சரி. டிரம்மைத் தட்டிக் கவிழ்க்கப் போனேன். அம்மா தடுத்து, ஒரு கைப்பிடியை அடியில் விட்டு மூடினாள். அது எங்களுக்கு இல்லையாம். சுகந்தி திரும்பி வந்தால் டிரம் காலியாக இருக்கக் கூடாதாம்.

அவர் வர மாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 16, புதன், இரவு

ஆனி கடைசி நாள். மிச்சம் இருந்த அவலை நனைத்து, அஸ்கா போட்டுத் தின்றோம். இப்போது நானும் சீனியை அஸ்கா என்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. நாளைக்கு நோன்பு, லீவு. பண்டிகையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. எந்த நாளுக்காகக் காத்திருந்தோமோ அதற்கு முந்தின ராத்திரியே சத்தமெல்லாம் போய்விட்டது. இந்தப் பேனா தாளில் உரசுவது எனக்கே கேட்கிறது.

தெருவில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். யாரோ தேங்காய் நார் உரிக்கிறார்கள். இதற்கு முன் எந்தப் பண்டிகையையும் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதில்லை.

எட்டு மணிக்கு மரகதக்கா மதில் ஓரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "டி.என். அறுபத்தஞ்சு காரு ஒண்ணு பிள்ளையார் கோயில் கிட்ட நிக்குது. நாலு பேரு. ஒரு பையன் பட்டு வேட்டி கட்டிட்டு இருக்கறான். வெளக்குப் போடாதீங்க."

அறுபத்தைந்து எங்கள் பக்கத்து நம்பர். பட்டு வேட்டி. இந்த ராத்திரியில்.

"பன்னெண்டு மணியானா ஆடி வந்துருமாம்மா?" என்று கேட்டேன்.

"அது இங்கிலீசு நாளு. நமக்கு விடிஞ்சாத்தான் ஆடி. அவுக கோயில் வாசல்ல நிறுத்தி நடுச்சாமத்துலகூடக் கட்டிருவாக."

இப்போது மணி பத்தரை. விடிய ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அம்மா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். இரண்டு பேருக்கு இந்த அறை சரியாக இருக்கிறது. "இன்னுமா எழுதற?" என்கிறாள். அம்மாவுக்கு இந்த நோட்டைப் பற்றித் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. "அந்தக் கொள்ளு கடஞ்சத எழுதினியா?" என்றாள். எழுதினேன் என்றேன். சந்தோஷப்பட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். சுகந்தியும் மித்துவும் இப்போது இருக்கிற ஊரில் நாளைக்கு யாராவது அவளுக்குத் தேங்காய்

கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

தட்டுகிறார்கள். முன்கதவு. பூட்டு ஆடுகிறது.

மரகதக்காவின் குரல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி: "யாருங்க அது? பூட்டிக் கெடக்கற ஊட்ட எதுக்குங்க தட்டறீங்க? உங்களுக்கு யாரு வேணும்? நில்லுங்க, எங்க ஊட்ல எல்லாரையும் எழுப்பறேன்!"

பதில் சொல்கிற குரல் எனக்குத் தெரியும். ஈசு என்கிறது. என்னை அப்படிக் கூப்பிடுவது உலகத்தில் அப்பா மட்டும்தான். அம்மா விளக்கை